வெட்டுக்கிளியின் பிடிலும் தங்கச்சிமடத்து மாடியும்

ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்தில் கோடை விடுமுறையும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், அந்த நாட்களில் தகப்பன்மாரும் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், இருட்டிவிட்டால் இரண்டு கூட்டத்துக்கும் பொழுது நகராது. டியூஷன் நடத்தும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சில ஆண்டுகளாக அந்தக் காலத்தில் சிறு படங்கள் காட்டி வருகிறேன். இந்த ஆண்டு காட்டியவற்றுள் எட்டு நிமிடம் மட்டுமே ஓடும் ஒரு பழைய பாட்டுக் கார்ட்டூன், அதைவிடப் பத்து மடங்கு நீளமான படங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதனால் அதை மட்டும் தனியே எடுத்து எழுதுகிறேன்.

படத்தின் பெயர் ‘தி கிராஸ்ஹாப்பர் அண்ட் தி ஆன்ட்ஸ்’, அதாவது வெட்டுக்கிளியும் எறும்புகளும். வால்ட் டிஸ்னி நிறுவனம் 1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. 1929 முதல் 1939 வரை அந்நிறுவனம் ‘சில்லி சிம்பனி’ என்ற பொதுப்பெயரில் எடுத்த 75 குறும்படங்களில் இதுவும் ஒன்று. மிக்கி மவுஸ் படங்களில் கதாநாயகன் முக்கியம் என்றால், இந்த வரிசையில் இசையே முக்கியம். நிலையான பாத்திரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் புதிய கதை, புதிய மெட்டு. இதை இயக்கியவர் வில்ஃப்ரெட் ஜாக்சன், இசையமைத்தவர் லீ ஹார்லைன், பாட்டு எழுதியவர் லாரி மோரி. இதே 1934இல் நம் பக்கத்தில் தியாகராஜ பாகவதர் ‘பவளக்கொடி’யில் திரைக்கு அறிமுகமானார் என்பதையும் நினைத்துக்கொண்டால் காலம் பிடிபடும். தமிழ் சினிமா பேசத் தொடங்கி மூன்றாண்டுகள்கூட நிறைந்திராத நேரம் அது. அங்கும் இங்கும் படம் என்றால் பாட்டு என்றிருந்த காலம்.

கதை எல்லோருக்கும் தெரிந்த ஈசாப் கதைதான். கோடை முழுவதும் எறும்புகள் இரை சேர்க்கின்றன, வெட்டுக்கிளி பாடித் திரிகிறது, குளிர்காலம் வந்ததும் வெட்டுக்கிளி எறும்புகளின் வாசலில் போய் நிற்கிறது. கிரேக்க மூலத்தில் அது வெட்டுக்கிளியே அல்ல, சிள்வண்டு. ஆங்கிலத்துக்கு வந்தபோதுதான் வெட்டுக்கிளி ஆயிற்று. பிரான்சில் லா ஃபோந்தேன் 1668இல் எழுதிய செய்யுளிலும் சிள்வண்டே வருகிறது. அந்த மாற்றம் இந்தப் படத்துக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். வெட்டுக்கிளி இனத்தில் பல, பின்னங்காலைச் சிறகின் ஓரத்தில் உரசித்தான் ஒலி எழுப்புகின்றன, அதாவது பிறவியிலேயே வில்லும் தந்தியும் உடம்பில் வைத்திருக்கும் பிராணி அது. ஆகவே அதன் கையில் ஒரு பிடிலைக் கொடுத்தது வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. சிள்வண்டின் ஒலியோ வயிற்றில் இருக்கும் சவ்வு அதிர்வதால் வருவது. அதன் கையில் உடுக்கையைக் கொடுத்திருந்தால் பொருந்தியிருக்கும்.

இசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வில்ஃப்ரெட் ஜாக்சன் 1928இல் மிக்கி மவுஸின் முதல் பேசும் கார்ட்டூனுக்கு வேலை செய்தபோதே, ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும் தாளமானியை (மெட்ரோனோம்) வைத்துக்கொண்டு படத்தையும் இசையையும் ஒரே கணக்கில் கட்டலாம் என்று வழிகாட்டியவர். கணக்கு எளிமையானது. படச்சுருளில் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. பன்னிரண்டு சட்டத்துக்கு ஒரு தாள அடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 அடி, அது அணிவகுப்பின் வேகம். பதினாறு சட்டத்துக்கு ஓர் அடி என்றால் நிமிடத்துக்கு 90, அது நிதானமான நடை. ஓவியர் தன் முன்னால் இருக்கும் தாளில் எத்தனையாவது சட்டத்தில் கால் தரையில் பட வேண்டும் என்று குறித்துக்கொள்கிறார். இசையமைப்பாளர் அதே சட்டத்தில் அடி விழும்படி எழுதுகிறார். எட்டு நிமிடத்துக்கு 11,520 சட்டங்கள் என்று பெருக்கிப் பார்த்தால் அந்த வேலையின் அளவு தெரியும். கணக்கு இவ்வளவு கெட்டியாக இருந்தும் படத்தில் கணக்கின் வாடையே அடிப்பதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இதை நான் பிள்ளைகளிடம் சோதித்தும் பார்த்தேன். முதல் முறை ஒலியோடு காட்டிவிட்டு, இரண்டாம் முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு ஓட்டினேன். எறும்புகள் வரிசையாகத் தலையில் சுமையோடு போகும் இடம் வந்ததும், முன்வரிசையில் இருந்த ஆறு ஏழு பேர் யாரும் சொல்லாமலே தொடையில் தட்டத் தொடங்கினார்கள், தட்டு ஒருவருக்கொருவர் பிசகவும் இல்லை. காதுக்கு எதுவும் கேட்காத நேரத்தில் கண் தாளம் போட்டது. மூன்றாம் முறை திரைக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி ஒலியை மட்டும் கேட்க வைத்தேன். இப்போது எறும்பு, இப்போது கிளி என்று வாத்தியத்தை வைத்தே பிள்ளைகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எறும்புகளுக்கு நேர்நடை, வெட்டுக்கிளிக்குத் துள்ளல். இரண்டையும் ஹார்லைன் எங்கும் குழப்பவில்லை. இவரே பின்னாளில் ‘பினோக்கியோ’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் பரிசு பெற்றவர்.

கடற்கரைக்காரர்களுக்கு இந்த எறும்பு நடை புதியதல்ல. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடிக்கொண்டே பின்னால் நடப்பார்கள். வாங்கிப் பாடும் சொல் விழும் அதே கணத்தில் குதிகால் மணலில் ஊன்றும், கயிறு ஒரு முழம் கரைக்கு வரும். மீன் சேரும் வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டும் விரையும். அங்கே பாட்டை நிறுத்தினால் வலை நின்றுவிடும். பாடுகிறவரும் கயிற்றில்தான் கை வைத்திருப்பார், தனியே ஒரு மேடையில் நிற்க மாட்டார். இந்தப் படத்தைப் பார்க்கும்போது முதலில் எனக்கு உறுத்தியது இதுதான். படத்தின் முன்பாதியில் பாட்டு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடுகிறவன் சோம்பேறி, வேலை செய்கிறவன் வாய் திறக்கவே மாட்டான். இதைச் சொல்வதற்காகவா இத்தனை இனிமையான இசை என்று அப்போது சற்று எரிச்சலாகவே இருந்தது. பின்பாதி அந்த எரிச்சலுக்குப் பதில் வைத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

வெட்டுக்கிளிக்குக் குரல் கொடுத்தவர் பின்டோ கோல்விக். சர்க்கஸ் கோமாளியாகவும் கிளாரினெட் வாசிப்பவராகவும் இருந்து கார்ட்டூனுக்கு வந்தவர், கூஃபி என்ற நாய்ப் பாத்திரத்தின் குரல் இவருடையதுதான். தொண்டையில் ஒரு கரகரப்பு, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஓர் அலட்சியமான இழுப்பு. உலகம் எனக்குச் சோறு போடக் கடமைப்பட்டிருக்கிறது என்ற பொருளில் அமைந்த அந்தப் பாட்டை இவர் பாடும்போது, பாடுகிறவனைத் திட்டவும் முடியவில்லை, விட்டுவிடவும் மனம் வரவில்லை. அந்த மெட்டு பின்னாளில் கூஃபி வரும் படங்களில் அவன் முணுமுணுக்கும் பாட்டாகவே நிலைத்துவிட்டது. கிளியின் கன்னத்தில் எப்போதும் ஒரு புகையிலை அடங்கியிருக்கிறது, பாட்டின் நடுவே அதைத் துப்பவும் செய்கிறது. எங்கள் மாடியில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் சிலர் அந்த இடத்தில் மட்டும் மிகவும் மகிழ்ந்து சிரித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சிறுபிள்ளைகளுக்குக் காட்டுபவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முன்பாதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. செர்ரிப் பழங்களை இழுத்துக்கொண்டு போகும் ஓர் எறும்பை வெட்டுக்கிளி நிறுத்தி, இலையில்லாத மரம் உண்டா, எதற்கு இந்தப் பாடு என்று பேசிக் கலைத்து, ஆட வைத்துவிடுகிறது. எறும்பின் கால் முதலில் தயங்குகிறது, பிறகு ஒரு கால் மட்டும் ஆடுகிறது, பிறகு உடம்பு முழுவதும் போகிறது. அந்த நேரம் பார்த்து ராணி எறும்பு பல்லக்கில் வந்து இறங்குகிறாள். அவளைக் கண்டதும் அந்தச் சிற்றெறும்பு பதறி, சுமையை இழுத்துக்கொண்டு ஓடும் ஓட்டம் இரண்டு நொடிகூட இருக்காது, ஆனால் முதலாளி வரும் ஓசை கேட்டதும் பீடியை அணைப்பவரை நேரில் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. ராணி வெட்டுக்கிளியை எச்சரிக்கிறாள்: பனி விழும் நாளில் உன் பாட்டு மாறும். கிளி தொப்பியைச் சரி செய்துகொண்டு, குளிர்காலத்துக்கு இன்னும் நாளிருக்கிறது என்று சிரித்துவிட்டுப் பிடிலை எடுக்கிறது.

அடுத்து இலையுதிர்காலம். எறும்புகள் கடைசிச் சுமைகளை மரத்தடி வளைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துகின்றன. இங்கிருந்து படம் வேறொன்றாக மாறுகிறது. பாட்டு நிற்கிறது, காற்று தொடங்குகிறது.

இந்தக் குளிர்காலக் காட்சியைப் புரிந்துகொள்ள வண்ணத்தைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். மூன்று வண்ணங்களையும் முழுமையாகப் பதியும் டெக்னிகலர் முறையில் வெளியான முதல் கார்ட்டூன் 1932இல் இதே சில்லி சிம்பனி வரிசையில் வந்ததுதான். அதன்பின் சில ஆண்டுகளுக்குக் கார்ட்டூன்களில் அந்த முறையைப் பயன்படுத்தும் தனி உரிமையை டிஸ்னி வைத்திருந்தார். மற்ற நிறுவனங்கள் இரட்டை வண்ண முறைகளோடு காலம் தள்ள வேண்டியிருந்தது. அம்முறைகளில் பச்சையும் நீலமும் ஒருசேரத் தெளிவாக வராது. இப்போது படத்துக்கு வாருங்கள். பனிக்காற்றில் நடுங்கும் வெட்டுக்கிளியின் பச்சை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிறது. 1934இல் மற்றக் கார்ட்டூன் நிறுவனங்களால் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாத ஒரு நிறமாற்றத்தை, அலங்காரத்துக்குச் செலவழிக்காமல், குளிரைக் காட்ட ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கோடைக் காட்சிகளில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் வாரி இறைத்தவர்கள், நீலத்தை இந்த ஓர் உடம்புக்காகக் காத்திருக்க வைத்ததுபோல் இருக்கிறது. கிளி ஒரு காய்ந்த இலையைக் கண்டு, கிளையில் எஞ்சியிருக்கும் அந்த ஒன்றே ஒன்றைத் தின்னப் போகும் நேரத்தில் காற்று அதைப் பறித்துக்கொண்டு போகிறது. மாடியில் அதுவரை இருந்த சலசலப்பு அந்த இடத்தில்தான் அடங்கியது.

ஆனால் அடங்கியது முழுவதும் படத்தின் திறமையால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. மே மாதத்துக் கச்சான் காற்று மாடியில் எப்படி வீசும் என்பது இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். திரையாகக் கட்டியிருந்த இரட்டை வேட்டி கடலலைபோல் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருந்ததால், பனியில் தள்ளாடும் கிளி உண்மையாகவே காற்றில் அல்லாடுவதுபோல் தோன்றியது. இன்னொன்றும் நடந்தது. வாலிநோக்கத்திலிருந்து அம்மாச்சி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சிறுவன், நிலம் முழுவதும் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்து, “சார், இது உப்பளமா?” என்று கேட்டான். பனியைக் கண்ணால் கண்டிராத பிள்ளை, கண்ணெட்டும் தூரம் வெள்ளையாகக் கிடக்கும் நிலம் என்றால் அவனுக்கு உப்புப் பாத்திதான். பனி என்று சொன்னதும், “பனிக்கா இப்புடிச் சாவுது?” என்று விடாமல் கேட்டான். மார்கழியில் விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வதுதான் நமக்குப் பனி. குளிரால் ஓர் உயிர் செத்துவிடும் என்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கிறது. ஆனால் கையில் வரவில்லாத மாதங்கள் என்றால் என்ன என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேறொரு பையன், தடைக்காலத்தில் மீனவர்களுக்கு அரசு தரும் உதவிப்பணத்தை நினைத்து, “எறும்புக்குத் தடைக்கால நிவாரணம் உண்டா சார்?” என்று கேட்டபோது பெரியவர்கள் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

ஈசாப்பின் கதையில் எறும்புகள் வெட்டுக்கிளியைத் துரத்திவிடுகின்றன. கோடையில் பாடினாய் அல்லவா, இப்போது ஆடு என்று சொல்லிக் கதவைச் சாத்துவதோடு கதை முடிகிறது. நாம் பள்ளியில் படித்ததும் அதுதான். இந்தப் படம் அங்கே முடியவில்லை. வாசலில் விறைத்து விழுந்த கிளியை எறும்புகள் தூக்கிக்கொண்டு போய்க் காலை வெந்நீரில் வைத்து, உணவு கொடுத்துத் தேற்றுகின்றன. நீலம் மறைந்து பச்சை திரும்பும் நேரத்தில் ராணி வருகிறாள். கிளி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறது. எறும்புகளிடத்தில் உழைப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்கிறாள் ராணி. ஆகவே உன் பிடிலை எடு, என்கிறாள். அந்த இடத்தில் சொல்லை நிறுத்துகிறாள். கிளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிடிலை எடுத்து, வாசல் பக்கம் திரும்புகிறது.

அந்த இடைவெளியை நான் பல முறை அளந்து பார்த்துவிட்டேன், கடிகாரத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் தாளத்தின் மேலேயே கட்டப்பட்ட ஒரு படத்தில் தாளம் நிற்கும் ஓரிடம் அது, ஆகவே நீளமாகத் தெரிகிறது. படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, வயது அறுபதைத் தாண்டியவர், இன்னமும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறவர், அந்த நேரத்தில் வாய்விட்டு, “தம்பி, அந்தப் பச்சையை வெளிய தள்ளிருவாளோ? வெளிய தள்ளினா செத்துல்ல போகும்” என்றார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நான் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் ராணி அடுத்த சொல்லைச் சொல்லிவிட்டாள்: வாசி.

இந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் படத்தை நல்ல படம் என்கிறேன். கிளியைத் திருத்தி, பிடிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையில் ஒரு சுமையைக் கொடுத்திருந்தால் அது இன்னொரு நீதிக்கதை. மாறாக, பாடுவதே உன் வேலை, அதைச் செய்து சோறு தின்னு என்று தீர்ப்பாகிறது. முன்பாதியில் பாட்டையும் வேலையையும் பிரித்து வைத்து என்னை எரிச்சல்படுத்தியவர்கள், பிரித்தது இங்கே சேர்ப்பதற்காகத்தான். உலகம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று பாடிய கிளி, அதே மெட்டில், நான் உலகத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லை மாற்றிப் பாடுகிறது. மெட்டு ஒரு துளியும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டில் குற்றமில்லை என்று ஹார்லைன் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. ராணியும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறாள்.

படம் வந்த காலத்தை வைத்துப் பார்த்தால் இந்த முடிவின் எடை கூடுகிறது. 1933இல் அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் எல்லாம் சோம்பேறி என்று சொல்லிக் கதவைச் சாத்தும் பழைய முடிவை அந்த மக்களுக்குத் திரையில் காட்டியிருந்தால் அரங்கில் யார் சிரித்திருப்பார்கள்? தமிழ் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். புறநானூற்றின் 173ஆம் பாடலில், சோழன் கிள்ளிவளவன் பாணர்களை விளித்து, பசிப்பிணி மருத்துவன் என்று பண்ணன் என்ற வள்ளலின் கொடையைப் பாடுகிறான். மழைக்கு முன்னால் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் ஏறும் சிற்றெறும்புகளின் ஒழுங்கைப் போல, கையில் சோற்றோடு பிள்ளைகள் வரிசையாகப் போவதைக் காட்டி, அந்தப் பசிப்பிணி மருத்துவனின் வீடு அருகிலா, தொலைவிலா என்று அதில் கேள்வி வருகிறது. பாணனும் பசியும் எறும்பு வரிசையும் ஒரே பாட்டில். அங்கே பாடுகிறவனுக்குச் சோறு போடுவது வீட்டுக்காரனின் பெருமை. பிடிலோடு வந்தவனை வாசலில் நிறுத்திக் கெஞ்ச வைத்து, பாடம் படிக்க வைத்துப் பிறகு சோறு போடுவதில் அந்தப் பெருமை கொஞ்சம் குறைகிறது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கிளியின் மன்னிப்புப் பாட்டு தேவைக்கு மேல் பணிவாக இருக்கிறது.

வேறு குறைகளும் உண்டு. எறும்புப் புற்றில் வேலை செய்பவை எல்லாம் பெண் எறும்புகள் என்பது இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். படத்தில் உழைக்கும் எறும்புகளுக்கு ஆண் சாயல் கொடுத்துவிட்டு, ராணியை மட்டும் பெண்ணாக்கி, அவளையும் வேலை வாங்கும் மேஸ்திரியாக்கி விட்டார்கள். உண்மையில் ராணி எறும்பின் வேலை முட்டையிடுவது, ஆணையிடுவது அல்ல. பாசிக்கும் கருவாட்டுக்கும் பெண்களே போய் வரும் ஊரில் இந்தப் பிழை சட்டென்று கண்ணில் படுகிறது. ரஷ்யாவில் லடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் 1913இலேயே பதப்படுத்திய பூச்சிகளைக் கம்பியால் அசைத்து இதே கதையைப் படமெடுத்தார். பூச்சியைப் பூச்சியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதுவே ஏற்றது. இங்கே இருப்பவை பூச்சி வேடம் போட்ட மனிதர்கள்தான். ஜாக்சன் 1937இல் பூச்சிகளின் இரவு விடுதி ஒன்றை வைத்து எடுத்த ‘வுட்லேண்ட் கஃபே’ என்ற படமும் உண்டு. ஆட்டமும் வாத்தியமும் அதில் இன்னும் செழிப்பு, ஆனால் அதில் வரும் வாத்தியக் குழு கறுப்பின இசைக்கலைஞர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முன் பெரியவர்கள் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இனி, பார்க்கும் வழியைப் பற்றி. நான் பயன்படுத்தியது 2001இல் அமெரிக்காவில் தகரப் பெட்டியில் வெளியான சில்லி சிம்பனி டிவிடித் தொகுப்பு. அத்தை மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. படம் தெளிவாக இருக்கிறது, வண்ணம் கெடவில்லை, ஒலியில் பழைய படங்களுக்கே உரிய மெல்லிய இரைச்சல் உண்டு, அதுகூட இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். இரண்டு தொல்லைகள் சொல்ல வேண்டும். அது வட அமெரிக்காவுக்கான மண்டலம் 1 தட்டு. இந்தியாவில் விற்கும் கருவிகள் மண்டலம் 5. எனவே சாதாரண டிவிடி பிளேயரில் போட்டால் ஓடாது. எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் பிளேயரோ, அப்படி மாற்றிய கணினியோ வேண்டும். இரண்டாவது, தமிழில் எழுத்துவரி (சப்டைட்டில்) கிடையாது. பாட்டெல்லாம் ஆங்கிலத்தில் எதுகை மோனையோடு ஓடுவதால், யாராவது ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முதல் காட்சியில் ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லிப் படத்தைக் கெடுத்தேன். இரண்டாம் காட்சியில் ராணியின் எச்சரிக்கை, கிளியின் முதல் பாட்டு, கடைசித் தீர்ப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் சொன்னேன், அதுவே போதுமாக இருந்தது.

புரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பக்கத்து ஊரில் கல்யாண வீடுகளுக்கு ஒலி, ஒளி வாடகைக்கு விடும் ஒரு கடையில் ஓர் இரவுக்கு எடுத்தேன். வந்த பையன் படத்தை இக்கால அகலத்திரை அளவுக்கு இழுத்து வைத்துவிட்டு, பெரிய பாஸ் ஸ்பீக்கர் இரண்டையும் போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தக் காலத்துக் கார்ட்டூன்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற சதுர வாட்டத்தில் எடுக்கப்பட்டவை. இழுத்தால் எறும்பெல்லாம் கருவண்டாகப் பருத்துவிடும், ராணியின் பல்லக்கு கட்டிலாகிவிடும். அப்படித்தான் ஆயிற்று. ஒலியோ ஒற்றைத் தடத்தில் பதிவானது. பாஸ் ஸ்பீக்கரில் பிடிலின் நுனி ஒலி முழுவதும் அமுங்கி, கல்யாண மேளத்தைத் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. முதல் நாள் பாதிப் படம் அப்படியே வீணாயிற்று. தொலைபேசியில் அழைத்தபோது, பழைய படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. மறுநாள் நானே அளவை நான்குக்கு மூன்றாக மாற்றி, டியூஷனில் வைத்திருக்கும் சிறிய ஒற்றை ஸ்பீக்கரை இணைத்த பிறகுதான் பிடில் பிடிலாகக் கேட்டது.

மூன்று வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் காட்டலாம். கிளி நீலமாகும் இடத்தில் சிறுபிள்ளைகள் மடியில் ஏறிக்கொள்வார்கள், அதற்கு இடம் விட்டு உட்கார வேண்டும். தட்டு இப்போது மண்டபத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறது. அங்கிருந்து தேவிபட்டினம் போக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். யார் வாங்கினாலும் தகரப் பெட்டியோடு திருப்பித் தர வேண்டும், உப்புக்காற்றில் வெறுந்தட்டாக வைத்திருந்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.